ஆறு விழுக்காடு: கல்விச் செலவு குறித்த ஒரு தொடரின் வரலாறு

இந்தியக் கல்விக் கொள்கை ஆவணங்களில் திரும்பத் திரும்ப இடம்பெறும் தொடர்களுள் ‘நாட்டு வருமானத்தில் ஆறு விழுக்காடு’ என்பது தலையாயது. 1966இல் கோத்தாரி ஆணையத்தின் அறிக்கையில் தோன்றிய இத்தொடர், 1968, 1986, 1992 ஆகிய ஆண்டுகளின் கொள்கை ஆவணங்களிலும், 2004இல் மத்தியில் அமைந்த கூட்டணி அரசின் குறைந்தபட்சப் பொதுத் திட்டத்திலும், 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையிலும் இடம்பெற்றுள்ளது. இத்துணை நீண்ட காலம் வழங்கியும் அது குறிக்கும் நிலையை நாடு ஒருமுறையேனும் எட்டியதில்லை. இதைப் பொருளியலார் பலர் நிதிப் பற்றாக்குறை என்றும் அரசியல் உறுதியின்மை என்றும் விளக்கியுள்ளனர். அவ்விளக்கங்கள் தவறல்ல, ஆயினும் தொடரையே ஆராய்ந்தவர் குறைவு.

ஒரு தொடர் நெடுங்காலம் வழங்கும்போது சொல் மாறாதிருக்கப் பொருள் மாறிவிடுதல் மொழி வரலாற்றில் இயல்பு. இத்தொடருள் நான்கு வினாக்களுக்கான விடைகள் மறைந்துள்ளன: எது கல்வி? யாருடைய செலவு? எந்த வருமானத்தில் பங்கு? எந்த ஆண்டிற்குள்? நான்கிற்குமான விடைகள் காலந்தோறும் மாறியுள்ளன. எண் மட்டும் மாறவில்லை.

விகிதம் தோன்றுவதற்கு முன்

ஆங்கிலேய ஆட்சியில் கல்விக்கென அரசுப் பணத்தை ஒதுக்குவது பற்றிய முதற் சட்டக் குறிப்பு 1813ஆம் ஆண்டின் பட்டயச் சட்டத்தில் காணப்படுகிறது. ஆண்டுதோறும் ஓர் இலட்சம் ரூபாய்க்குக் குறையாத தொகையை இலக்கிய மறுமலர்ச்சிக்கும், கற்றறிந்த இந்தியரை ஊக்குவிப்பதற்கும், அறிவியல் அறிவைப் பரப்புவதற்கும் ஒதுக்கலாம் என்பது அதன் கருத்து. இதன் வாக்கிய அமைப்பு நோக்கத்தக்கது. ‘குறையாத’ என்னும் சொல் கட்டாயத்தைக் குறிப்பதுபோல் தோன்றினாலும், பிற செலவுகள் அனைத்தும் போக எஞ்சும் உபரியிலிருந்தே அத்தொகை எடுக்கப்பட வேண்டும். தலைமை ஆளுநர் அவ்வாறு ஆணையிடுதல் சட்டத்திற்கு உடன்பாடானது என்று மட்டுமே கூறப்பட்டுள்ளது; ஆணையிட்டே தீரவேண்டும் என்று கூறப்படவில்லை. ஏவல் போல ஒலிக்கும் இசைவு இது. இதனைச் செயற்படுத்தப் பொதுக் கல்விக் குழு கல்கத்தாவில் அமைந்தது 1823இல்தான்.

தொகை சிறிது, ஆனால் அதன்மேல் எழுந்த பூசல் பெரிது. ‘இலக்கியம்’ என்பது எந்த மொழியின் இலக்கியம், ‘கற்றறிந்தவர்’ என்பவர் யார் என்னும் சொற்பொருள் வினாக்களே 1835 பிப்ரவரி 2ஆம் நாள் மெக்காலே எழுதிய குறிப்பின் தொடக்கத்தில் நிற்கின்றன. சமற்கிருதமும் அரபியும் மட்டுமே இலக்கியம் எனக் கொள்வதற்குச் சட்டத்தின் சொற்கள் இடந்தரவில்லை என்று அவர் வாதிட்டார். மார்ச்சு 7ஆம் நாள் பெண்டிங்கு வெளியிட்ட தீர்மானம் கல்வி நிதியை ஆங்கிலக் கல்விக்கே செலவிடுமாறு திருப்பியது. கல்விச் செலவு பற்றிய இந்திய விவாதம் ஒரு சொல்லின் பொருள் பற்றிய விவாதமாகவே தொடங்கியது எனலாம்.

அதே காலத்தில் அரசின் பேரேட்டிற்கு வெளியே ஒரு கல்வி முறை இயங்கி வந்தது. சென்னை மாகாணத்தில் 1822இல் தாமசு மன்றோ மேற்கொண்ட கணக்கெடுப்பு 12,498 பள்ளிகளையும் 1,88,650 மாணவர்களையும் காட்டியது. இப்பள்ளிகளுக்கான செலவு நெல்லாகவும், மாணவர் கொடுத்த கட்டணமாகவும், சில இடங்களில் நில மானியமாகவும் இருந்தது. ‘மானியம்’ என்னும் சொல்லே இங்குக் கருதத்தக்கது. வரி நீக்கியோ குறைத்தோ விடப்பட்ட நிலத்தை முன்னர்க் குறித்த இச்சொல், பிற்காலத்தில் அரசு ரொக்கமாகத் தரும் உதவித் தொகைக்குப் பெயராயிற்று. 1854 சூலை 19ஆம் நாள் வெளியான சார்லசு உட்டின் கல்வி அறிக்கை உதவி மானிய முறையை வகுத்தபின் இப்புதுப் பொருள் பள்ளி வழக்கில் நிலைபெற்றது. நிலம் ஊரில் இருந்தது. ரொக்கம் ஆய்வாளரின் அறிக்கையைப் பார்த்து வந்தது. ஒரு சொல்லின் பொருள் மாற்றத்துக்குள் ஓர் அதிகார மாற்றமும் அடங்கியிருத்தலை இதில் காணலாம்.

அண்டரின் தலைமையில் 1882இல் அமைந்த ஆணையம் தொடக்கக் கல்வியின் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கப் பரிந்துரைத்தது. அவற்றின் வருவாயோ மிகக் குறைவு. பொறுப்பு ஓரிடத்திலும் பணம் வேறிடத்திலும் இருக்கும் நிலைக்கு அன்றே வித்திடப்பட்டது. 1911 மார்ச்சில் கோகலே கொண்டுவந்த தொடக்கக் கல்வி மசோதா இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றது. குறிப்பிட்ட விகிதத்தில் பிள்ளைகள் முன்பே பள்ளிக்கு வரும் பகுதிகளில் மட்டும் கட்டாயக் கல்வி, செலவில் மூன்றில் இரண்டு பங்கு அரசு, ஒரு பங்கு உள்ளாட்சி என்பன அதன் கூறுகள். பரோடா அரசர் சாயாசிராவ் தம் நாடு முழுவதிலும் 1906இல் கட்டாயக் கல்வியை நடைமுறைப்படுத்திவிட்டதை எடுத்துக்காட்டி, ஓர் இந்திய அரசால் இயன்றது பிரித்தானிய இந்தியாவால் ஏன் இயலாது என்று கோகலே வினவினார். 1912 மார்ச்சில் 13 வாக்குகள் ஆதரவாகவும் 38 வாக்குகள் எதிராகவும் விழ, மசோதா தோற்றது.

கோகலேயின் வாதங்களில் ஒன்று இங்கு இன்றியமையாதது. பிற நாடுகளோடு இந்தியாவை ஒப்பிட அவர் கையாண்டது தலைக்கு இவ்வளவு செலவு என்னும் அளவே. நாட்டு வருமானத்தில் இத்தனை விழுக்காடு என்று அவர் கூறவில்லை, கூறியிருக்கவும் இயலாது. நாட்டு வருமானம் என்பது அன்று ஆண்டுதோறும் அரசு கணித்து வெளியிடும் எண்ணாக இருக்கவில்லை. தாதாபாய் நௌரோசி 1867-68ஆம் ஆண்டிற்குத் தலைக்கு 20 ரூபாய் எனக் கணித்தது ஆட்சியின் மீதான குற்றச்சாட்டாக, வி.கே.ஆர்.வி. ராவ் 1931-32ஆம் ஆண்டிற்குச் செய்த கணிப்பு ஆய்வாக. அரசே அதனைத் தன் எண்ணாக ஏற்றது, மகலநோபிசைத் தலைவராகவும் காட்கில், ராவ் ஆகியோரை உறுப்பினராகவும் கொண்ட நாட்டு வருமானக் குழு 1949இல் அமைந்த பின்னரே. அதன் இறுதி அறிக்கை 1954இல் வெளிவந்தது.

இதனால்தான் விடுதலையை ஒட்டிய ஆண்டுகளின் கல்வி நிதித் திட்டங்கள் வேறு அளவுகோல்களில் பேசுகின்றன. 1944இன் சார்சண்டு அறிக்கை, இங்கிலாந்தின் 1939ஆம் ஆண்டு நிலையை நாற்பது ஆண்டுகளில் எட்டுவதற்கு முழு நிலையில் ஆண்டுக்கு 313 கோடி ரூபாய் வேண்டும் என்று தொகையாகவே கூறியது. பி.ஜி. கேர் தலைமையில் அமைந்த நிதிவழிக் குழு மத்திய வருவாயில் 10 விழுக்காடு, மாகாண வருவாயில் 20 விழுக்காடு என்று வருவாயை அளவாகக் கொண்டது. கேர் குழுவின் தொடரில் கொடுப்போர் யார் என்பது வெளிப்படை. மத்திய அரசு தவறினால் மத்திய அரசைக் கேட்கலாம். மாகாணம் தவறினால் மாகாணத்தைக் கேட்கலாம். ‘நாட்டு வருமானத்தில் ஆறு விழுக்காடு’ என்னும் பிற்காலத் தொடரிலோ எழுவாயே இல்லை. கல்வியை 1976இன் நாற்பத்திரண்டாம் திருத்தம் பொதுப் பட்டியலுக்குக் கொணர்ந்த பின்னரும் செலவின் பெரும்பகுதி மாநிலங்களுடையதாகவே இருக்க, இலக்கை அறிவிப்பது மட்டும் மத்திய அரசாக இருந்து வருகிறது.

1966இன் கணக்கு

டி.எஸ். கோத்தாரியைத் தலைவராகவும் சே.பி. நாயக்கை உறுப்பினர்-செயலராகவும் கொண்ட கல்வி ஆணையம் 1964 சூலையில் அமைந்து 1966 சூனில் அறிக்கை அளித்தது. கல்விச் செலவு 1950-51இல் நாட்டு வருமானத்தில் 1.2 விழுக்காடாக இருந்து 1965-66இல் 2.9 விழுக்காடாக உயர்ந்துள்ளது என்றும், அது 1985-86இல் 6 விழுக்காடாக இருக்கும் என்றும் அது கணித்தது.

இக்கணிப்பின் தருக்கத்தை விரித்துக் காணுதல் தேவை. மக்கள்தொகை ஆண்டுக்கு 2.1 விழுக்காடும், நாட்டு வருமானம் 6 விழுக்காடும் பெருகும் என ஆணையம் எடுத்துக்கொண்டது. கல்விச் செலவு ஆண்டுக்கு 10 விழுக்காடு வளர்ந்து, மாறா விலையில் தலைக்கு 12 ரூபாயிலிருந்து 54 ரூபாயாகவும், மொத்தத்தில் ஏறத்தாழ 600 கோடியிலிருந்து 4,036 கோடியாகவும் உயரவேண்டும். இருபது ஆண்டுகளில் செலவு ஆறே முக்கால் மடங்காகும். வருமானம் மூன்றேகால் மடங்கிற்குச் சற்றுக் குறைவாகும். எனவே பங்கு இரட்டிக்கும். இவ்வாறு பிறந்ததே ஆறு. எத்தனை ஆசிரியர், எவ்வளவு ஊதியம், எத்தனை மாணவர் என்னும் கணக்கு தொகையைத் தந்தது. தொகையை எதிர்பார்த்த வருமானத்தால் வகுக்க விகிதம் கிடைத்தது. ஆணையத்தின் எண் கணக்கின் விடை. அது கணக்கின் தொடக்கம் அன்று.

நாட்டு வருமானம் அவ்வாறு பெருகவில்லை. 1980 வரையிலான மூன்று பத்தாண்டுகளின் சராசரி வளர்ச்சி ஏறத்தாழ 3.5 விழுக்காடே. வருமானம் 4 விழுக்காடு வளரும் எனக் கொண்டாலும், ஆணையம் வேண்டிய 4,036 கோடி அவ்வருமானத்தில் ஏறத்தாழ 9 விழுக்காடாகியிருக்கும். மாறாக விகிதத்தையே பற்றிக்கொண்டால், ஆறு விழுக்காட்டை எட்டியிருந்தாலும் கிடைக்கும் தொகை வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்காகவே இருந்திருக்கும். தேவையைக் காட்டிய எண்ணைத் தேவையிலிருந்து பிரித்தெடுத்து வழங்கியதன் விளைவு இது.

பிறிதொரு செய்தியும் உண்டு. 1950-51இல் 1.2 விழுக்காடு என்று ஆணையம் கூற, கல்வி அமைச்சகத்தின் பிற்கால அட்டவணைகள் 1951-52ஆம் ஆண்டிற்கு 0.64 விழுக்காடு என்கின்றன. ஓராண்டில் பங்கு பாதியாகிவிடவில்லை. ஆணையம் கணக்கிட்ட 114 கோடி ரூபாயில் அரசுப் பணத்தோடு உள்ளாட்சி நிதி, மாணவர் கட்டணம், அறக்கொடை ஆகியனவும் அடங்கும். கட்டணம் மட்டுமே ஐந்தில் ஒரு பங்கு. அமைச்சக அட்டவணையில் உள்ளதோ அரசு செலவிட்ட ஏறத்தாழ 64 கோடி மட்டும். ஆகவே, கோத்தாரி ஆணையத்தின் ஆறு, எல்லா வாயில்களிலிருந்தும் வரும் செலவைக் குறித்தது. பின்வந்த ஆவணங்களின் ஆறு, அரசுச் செலவை மட்டும் குறித்தது. அதே எண்; வேறு பொருள். இம்மாற்றத்தை எந்த ஆவணமும் அறிவித்துச் செய்யவில்லை.

அரசுப் பேரேட்டில் ஏறாத கல்விச் செலவுக்குத் தமிழகத்திலிருந்தும் ஒரு சான்று காட்டலாம். காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958 முதல் நடைபெற்ற பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் கட்டடமாகவும் இருக்கைகளாகவும் சீருடைகளாகவும் வழங்கியவை கோத்தாரி ஆணையத்தின் இலக்கணப்படி கல்விச் செலவே. அமைச்சக அட்டவணையின் இலக்கணப்படி அல்ல.

கொள்கை மொழியில் நேர்ந்த மாற்றங்கள்

1968ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆணையத்தின் எண்ணை ஏற்றது, ஆண்டை ஏற்கவில்லை. 1985-86 என்னும் காலக்குறிப்பு நீங்கி, இயன்றவரை விரைவில் என்னும் பொருள்படும் தொடர் அவ்விடத்தைப் பெற்றது. ஓர் ஆண்டைக் குறித்தால் அவ்வாண்டு கடந்ததும் கூற்று பொய்த்ததெனக் காட்டலாம். விரைவில் என்பதைப் பொய்யாக்கும் நாள் என்று ஒன்று இல்லை. வாக்கியம் படிப்படியாக உயர்த்துதல் என்னும் பொருளையும் உடன்கொண்டிருந்தது. படிப்படியாகவும் விரைவாகவும் என்னும் இரு வினையடைகள் ஒரே வினையைத் தழுவி ஒன்றையொன்று தளர்த்தின.

அதே வாக்கியத்தில் ‘முதலீடு’, ‘செலவு’ என்னும் இரு சொற்களும் உள்ளன. கல்வியை முதலீடு என வழங்குதல் 1960இல் அமெரிக்கப் பொருளியலார் சூல்சு நிகழ்த்திய தலைமையுரைக்குப் பின் பரவிய வழக்கு. அரசின் கணக்கிலோ ஆசிரியர் ஊதியம் வருவாய்ச் செலவின்கீழ் வருகிறது. கட்டடம் போன்றவையே மூலதனச் செலவு. கொள்கை முதலீடு என்று போற்றுவதைக் கணக்குத் துறை நடப்புச் செலவு என்று எழுதுகிறது. பற்றாக்குறைக் காலத்தில் வெட்டுவதற்கு முதலில் எடுக்கப்படுவது நடப்புச் செலவே ஆதலின், இச்சொல் வேறுபாடு வெறும் பெயர் வேறுபாடு ஆகாது.

1986ஆம் ஆண்டின் கொள்கை முன்னதை விடத் துணிவானது. குறிப்பிட்ட இலக்கை விடச் செலவு மிகவும் தாழ்ந்து நின்றதை ஒப்புக்கொண்டு, எட்டாவது ஐந்தாண்டுத் திட்டம் முதல் அது எப்போதும் ஆறு விழுக்காட்டை விஞ்சும்படி உறுதி செய்யப்படும் என்றது. ‘எட்டுதல்’ ‘விஞ்சுதல்’ ஆயிற்று, காலக்குறிப்பும் மீண்டது. ஆனால் காலம் ஆண்டாகக் கூறப்படாமல் திட்டத்தின் பெயரால் கூறப்பட்டது. 1990இல் தொடங்கவேண்டிய எட்டாவது திட்டம் அரசியல் மாற்றங்களாலும் அந்நியச் செலாவணி நெருக்கடியாலும் 1992இல்தான் தொடங்கியது. இலக்கும் அதனோடு இரண்டாண்டு நகர்ந்தது. 1997இல் அத்திட்டம் முடிந்தபோது அதன் எந்த ஆண்டிலும் அரசின் கல்விச் செலவு 4 விழுக்காட்டைக்கூட எட்டியிருக்கவில்லை.

அமைச்சக அட்டவணையின்படி பத்தாண்டுகளின் போக்கு: 1960-61இல் 1.48, 1970-71இல் 2.11, 1980-81இல் 2.98, 1990-91இல் 3.84. நாற்பது ஆண்டுகளில் 0.64 ஆறு மடங்காக உயர்ந்தது சிறிய செய்தியன்று. ஆறை எட்டாத குறையையே பேசுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். ஏறுமுகம் தடைப்பட்டது 1990க்குப் பின்னரே. 2000ஐ ஒட்டி 4 விழுக்காட்டைச் சற்றுக் கடந்ததற்கும் ஐந்தாவது ஊதியக் குழுவின் பரிந்துரையால் ஆசிரியர் ஊதியம் உயர்ந்தமையே முதன்மைக் காரணம்.

தேவையிலிருந்து தொகையைக் கணிக்கும் பழைய முறை முற்றாக மறைந்துவிடவில்லை. தபசு மசும்தார் தலைமையிலான வல்லுநர் குழு 1999இல், எல்லாப் பிள்ளைகளுக்கும் தொடக்கக் கல்வி அளிக்கப் பத்தாண்டுகளில் கூடுதலாக ஏறத்தாழ 1,37,000 கோடி ரூபாய் வேண்டும் எனக் கணித்தது. கல்வியை அடிப்படை உரிமையாக்கும் திருத்த மசோதா 2001இல் வந்தபோது அதன் நிதிக் குறிப்பு ஆண்டுக்கு 9,800 கோடி என்றது. பத்தாண்டுக்கு 98,000 கோடி. உரிமை 2002இல் அரசமைப்பில் ஏறியது. கணக்கில் ஏறக்குறைய 39,000 கோடி குறைந்தது. 2004இல் வருமானவரி முதலியவற்றின்மேல் விதிக்கப்பட்ட 2 விழுக்காட்டுக் கல்வி மேல்வரி புதிய பணத்தைக் கொணர்ந்தது. எனினும், ஒரு செலவுக்கென்று தனி மேல்வரி விதித்தல் பொது வருவாயிலிருந்து அதற்கு அளிக்கும் கடப்பாட்டைத் தளர்த்தும் என்னும் ஐயம் ஆதாரமற்றதன்று. அம்மேல்வரி 2018இல் நலவாழ்வையும் சேர்த்துக்கொண்டு 4 விழுக்காடாயிற்று. ‘கல்வி’ என்னும் சொல் பெயரின் பாதியாகக் குறுகியது.

தொகுதியும் பகுதியும்

பின்னத்தின் மேலெண்ணைத் தொகுதி என்றும் கீழெண்ணைப் பகுதி என்றும் தமிழ்க் கணக்கு நூல்கள் வழங்கும். கல்விச் செலவு விகிதத்தில் இரண்டுமே நிலையற்றவை. கோத்தாரி ஆணையமும் 1968, 1986 ஆவணங்களும் ‘நாட்டு வருமானம்’ என்றன. 2004இன் பொதுத் திட்டமும் 2020இன் கொள்கையும் ‘மொத்த உள்நாட்டு உற்பத்தி’ என்கின்றன. தேய்மானத்தையும் மறைமுக வரிகளையும் கழித்துக் காணும் நாட்டு வருமானம் சிறியது. சந்தை விலையில் காணும் மொத்த உள்நாட்டு உற்பத்தி பெரியது. எனவே, இரண்டாவதில் ஆறு விழுக்காடு என்பது முதலாவதில் ஆறைவிடப் பெரிய தொகை. அடிப்படை ஆண்டை மாற்றி 1999இல் புதிய கணக்கு வெளியானபோது உள்நாட்டு உற்பத்தியின் மதிப்பு உயர்ந்தது. செலவில் ஒரு காசும் குறையாமலே கல்வியின் பங்கு குறைந்தது.

தொகுதியின் நிலை இன்னும் சிக்கலானது. கல்வி அமைச்சகத்தின் கணக்கு, கல்வித் துறைகளின் செலவோடு மருத்துவம், வேளாண்மை முதலிய பிற துறைகள் கல்விக்கும் பயிற்சிக்கும் செலவிடுவதையும் சேர்த்துக்கொள்கிறது. நிதி அமைச்சகத்தின் பொருளாதார ஆய்வறிக்கையோ கல்வி, விளையாட்டு, கலை, பண்பாடு என்னும் கணக்குத் தலைப்பைக் கொள்கிறது; பிற துறைகளை விட்டுவிடுகிறது. முதற்கணக்கு 4 விழுக்காட்டிற்கு மேலும், இரண்டாவது 3 விழுக்காட்டை ஒட்டியும் நிற்கும். தமிழ்நாட்டின் சத்துணவுத் திட்டத்தை நடத்துவது சமூக நலத் துறை. பிள்ளைக்கு உணவும் பாடமும் ஒரே கூரையின்கீழ்க் கிடைக்க, செலவு இரு துறைகளின் கணக்கில் ஏறுகிறது.

2020 சூலை 29ஆம் நாள் ஏற்கப்பட்ட கொள்கை, முந்தைய இரு கொள்கைகளும் கூறிய ஆறு விழுக்காடு நிறைவேறவில்லை என்பதை ஒளிக்காமல் கூறுகிறது. ஆனால் காலக்குறிப்பில் அது 1986இன் வழியைப் பின்பற்றவில்லை. மிக விரைவில் என்னும் பொருள்படும் தொடரைக் கையாண்டு, ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய 1968இன் வாக்கியத்திற்கே அது திரும்பியுள்ளது. அன்றைய நிலையை விளக்கும் அதன் வாக்கியம் இரு எண்களைத் தருகிறது: அரசின் கல்விச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் 4.43 விழுக்காடு, அரசின் மொத்தச் செலவில் ஏறத்தாழ 10 விழுக்காடு. மத்திய, மாநில அரசுகளின் மொத்தச் செலவு அவ்வாண்டுகளில் உள்நாட்டு உற்பத்தியில் கால் பங்கைச் சற்றுக் கடந்தது. அதில் பத்தில் ஒன்று 2.6 அல்லது 2.7 விழுக்காடு ஆகுமேயன்றி 4.43 ஆகாது. முதல் எண் கல்வி அமைச்சகத்தின் பகுப்பாய்விலிருந்தும் இரண்டாவது பொருளாதார ஆய்வறிக்கையிலிருந்தும் எடுக்கப்பட்டவை. ஒரே வாக்கியத்தில் ஒரே அடைமொழியோடு வரும் ‘கல்வி’ என்னும் சொல் முதற் பாதியில் ஒரு பொருளையும் இரண்டாம் பாதியில் மற்றொரு பொருளையும் தருகிறது; எட்டவேண்டிய ஆறுக்கும் இன்றைய நிலைக்கும் உள்ள தொலைவு, முதற்பொருளில் ஒன்றரை விழுக்காட்டளவு, இரண்டாம் பொருளில் மூன்றுக்கும் மேல்.